பழைய கே.எம்.எஸ். பொடி: மோந்து பார்ப்பதா, சோதிப்பதா, தூக்கிப் போடுவதா?

ஸ்குவாஷ், ஜாம் என்று வருடத்துக்கு ஒருமுறையாவது எதையாவது போடுகிறவர்கள் வீட்டு அலமாரியில், மேல்தட்டில், கேக்குக்கு வாங்கிய எசென்ஸ் பாட்டில்களுக்குப் பின்னால், ரப்பர் பேண்ட் சுற்றிய ஒரு வெள்ளைப் பொடி பாக்கெட் இருக்கும். ஸ்குவாஷ் கெடாமல் இருக்கப் போடுகிற பொட்டாசியம் மெட்டாபைசல்பைட். அவ்வளவு நீளமாகச் சொல்லி யாரும் கேட்பதில்லை, கடையில் கே.எம்.எஸ். என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எப்போது வாங்கியது என்று மட்டும் வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

இருக்கவும் வாய்ப்பில்லை. ஒரு கிலோ ஸ்குவாஷுக்கு வேண்டியது 0.6 கிராம். சீசனுக்குப் பத்து கிலோ போட்டாலும் 6 கிராம்தான் செலவாகும். 100 கிராம் பாக்கெட் வாங்கினால் பதினாறு வருடம் வரும். பிள்ளையை எல்கேஜியில் சேர்க்கும்போது வாங்கிய பொடி அவன் காலேஜ் முடிக்கிற சமயத்தில்தான் தீரும். ஆகவே நம் வீடுகளில் இருக்கும் கே.எம்.எஸ். எல்லாமே பழைய கே.எம்.எஸ்.தான். அதை இந்த வருடமும் போடலாமா என்பதுதான் கேள்வி.

எனக்கு இந்தக் கேள்வி வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், மாம்பழ ஸ்குவாஷால். சித்தி வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் பொடி வாங்கி வந்திருந்தேன். அதே பொடியில்தான் சித்தி வருடா வருடம் புளியங்குடி எலுமிச்சையில் ஸ்குவாஷ் போடுவாள், ஒரு பாட்டில்கூடக் கெட்டதில்லை. நான் பங்கனப்பள்ளியில் எட்டு பாட்டில் போட்டேன். மூன்றாவது வாரம் ஒரு பாட்டிலைத் திறந்தேன், சோடா பாட்டில் மாதிரி சீறிக்கொண்டு பாதி தரையில் போனது. வாசனை கள்ளுக்கடை வாசனை. எட்டில் ஆறு பாட்டில் அப்படித்தான். சித்தியிடம் போன் போட்டுச் சொன்னால், "பொடில ஒண்ணும் இல்ல. இன்னும் மூக்குல ஏறுதுல்லா, அப்புறம் என்ன? நீ பாட்டிலைச் சரியாக் கழுவியிருக்க மாட்ட" என்றாள். பாட்டிலை நான் கொதிக்கவைத்துத்தான் எடுத்தேன். ஆனால் அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்தப் பொடி கெட்டுப்போவது என்றால் மாவில் வண்டு வைப்பது மாதிரியோ ஊறுகாயில் பூசணம் பிடிப்பது மாதிரியோ இல்லை. இது விஷமாக மாறுவதில்லை, வலு குறைகிறது. பொடியின் வேலையே அமிலத்தில் கரைந்ததும் கந்தக டை ஆக்சைடு வாயுவை விடுவதுதான். கணக்குப்படி அதன் எடையில் ஏறக்குறைய 57.6 சதவீதம் அந்த வாயு. பாக்கெட்டைத் திறந்த நாளிலிருந்து காற்றில் இருக்கும் ஈரமும் ஆக்சிஜனும் அதைத் தின்னத் தொடங்கும். கொஞ்சம் வாயுவாகப் பறந்துபோகும், கொஞ்சம் பொட்டாசியம் சல்பேட்டாக மாறி அங்கேயே கிடக்கும். அந்த சல்பேட்டும் வெள்ளைப் பொடிதான். பார்வைக்கு வித்தியாசம் இல்லை, எடையிலும் தெரியாது, ஆனால் ஸ்குவாஷைக் காப்பாற்ற அதற்கு வக்கில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு நம் முன்னால் இருக்கும் வழிகளைப் பார்க்கலாம்.

பாக்கெட்டில் அச்சடித்த தேதியை நம்புவது முதல் வழி. சுலபமான வழி, அதனாலேயே எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். அந்தத் தேதி பிரிக்காத பாக்கெட்டுக்கு உரியது. பிரித்து, ஒரு மூலையை மடித்து, கிளிப் போட்டு அடுப்புக்கு மேலே இருக்கும் தட்டில் வைத்த பாக்கெட்டுக்கு அந்தத் தேதி ஒன்றும் சொல்லாது. தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ கடற்காற்றில் நான்கு மாதம் வாய் திறந்து கிடந்த பாக்கெட், கோயம்புத்தூரில் கண்ணாடிக் குப்பியில் ஒரு வருடம் இருந்ததைவிட மோசமாக இருக்கலாம். தேதியை ஒரு விஷயத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம்: அதுவே தாண்டிவிட்டது என்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம்.

அடுத்தது மூக்கும் கண்ணும், அதாவது சித்தி வழி. தீக்குச்சி உரசினதும் வருமே, அந்தக் காரமான நெடி, அது வந்தால் பொடி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வரவே இல்லை என்றால் செத்துவிட்டது, சந்தேகமே வேண்டாம். இந்த இரண்டாவது பாதிதான் பயனுள்ளது. முதல் பாதி ஏமாற்றும், ஏனென்றால் நம் மூக்கு இந்த வாயுவை மிகக் கொஞ்சமாக இருந்தாலே பிடித்துவிடும். முழு வலுவோடு இருக்கும் பொடியும் மூக்கில் ஏறும், பாதி வலுப் போனதும் ஏறும். இன்னும் சொன்னால், டப்பாவைத் திறந்ததும் குப்பென்று அடிக்கிறது என்றால் அந்த வாயு பொடியிலிருந்து வெளியேறி டப்பாவுக்குள் சேர்ந்திருக்கிறது என்றுதானே பொருள்? நல்ல அறிகுறி என்று நாம் நினைப்பதே நஷ்டக் கணக்கு. (ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த மோந்து பார்க்கும் வேலையே வேண்டாம். வாயுவின் ஒரு இழுப்பு சிலருக்கு மூச்சைப் பிடித்துவிடும். மற்றவர்களும் டப்பாவுக்குள் மூக்கை நுழைக்காமல், கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் கையால் விசிறிப் பாருங்கள்.)

கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்களில் இரண்டை நான் மதிக்கிறேன். ஒன்று கட்டி. கே.எம்.எஸ். கல்லாகக் கட்டியிருந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது, ஈரம் போனால் வாயு வெளியே வந்திருக்கிறது. இன்னொன்று மூடி. தகர மூடி போட்ட பாட்டிலில் வைத்திருந்து அந்த மூடியின் உட்புறம் துருப்பிடித்திருந்தால், பொடி கொஞ்சம் கொஞ்சமாக மூடியைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. எங்கள் சித்தி டப்பா மூடியை அப்புறம் திருப்பிப் பார்த்தேன், பழைய இரும்புக்கடைச் சாமான் மாதிரி இருந்தது.

சரி, வலு குறைந்திருக்கும், அதனால் கொஞ்சம் கூடப் போட்டால் என்ன? இதுதான் மூன்றாவது வழி, எனக்குப் பிடிக்காத வழியும் இதுதான். ஸ்குவாஷில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 350 மில்லிகிராம் என்பது 1955-ஆம் ஆண்டின் பழப்பொருள் ஆணையில் இருந்த வரம்பு. 0.6 கிராம் கே.எம்.எஸ். போட்டால் 346 மில்லிகிராம் வருகிறது, வரம்புக்குள் கச்சிதமாக உட்காருகிறது. இப்போது பொடி பழசு என்று நினைத்து இரட்டிப்பாக 1.2 கிராம் போடுகிறீர்கள், ஆனால் பொடி உண்மையில் நன்றாகத்தான் இருந்தது என்றால் 690 மில்லிகிராம் ஆகிவிடும். குடிக்கும்போது தண்ணீர் கலக்கிறோமே என்று சொல்லலாம். அதையும் கணக்குப் போட்டுவிடுவோம். ஒரு டம்ளருக்கு 50 கிராம் ஸ்குவாஷ் ஊற்றினால், சரியான அளவு போட்டதில் 17 மில்லிகிராம் வாயு, இரட்டிப்பில் 35. ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்பது சர்வதேச நிபுணர் குழுவின் அளவு. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 14 மில்லிகிராம். சரியான அளவு போட்ட ஸ்குவாஷிலேயே ஒரு டம்ளரில் குழந்தைக்கு அந்த அளவு தாண்டிவிடுகிறது, இதில் நாம் குத்துமதிப்பாக இரட்டிப்பு வேறு போட வேண்டுமா? உணவுப் பொட்டலத்தில் சல்பைட் (கே.எம்.எஸ். மாதிரி இந்த வாயுவை விடும் உப்புகளுக்குப் பொதுப்பெயர்) கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் லேபிளில் சொல்லியே ஆக வேண்டும் என்று நம் நாட்டு விதி இருப்பதும், 1986-இல் அமெரிக்காவில் பச்சைக் காய்கறி, பழங்களில் இதைத் தெளிப்பதைத் தடை செய்ததும் ஒவ்வாமை உள்ளவர்களை மனதில் வைத்துத்தான்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பொடி நாற்பது சதவீதம் வலுவிழந்து, நீங்கள் வழக்கம்போல 0.6 கிராமே போட்டால் கிலோவுக்கு 207 மில்லிகிராம்தான் வரும். அது போதுமா போதாதா என்பது பழத்தைப் பொறுத்தது, அங்கேதான் சித்திக்கும் எனக்கும் இருந்த வழக்குக்குத் தீர்ப்பும் இருக்கிறது. கிருமியைத் தடுப்பது கரைந்த சல்பைட்டில் ஒரு சிறு பங்கான, வாயு வடிவில் இருக்கும் பகுதி. அந்தப் பங்கு புளிப்பைப் பொறுத்து ஏறி இறங்கும்: பிஎச் (புளிப்பைச் சொல்லும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3 அளவு புளிப்பில் நூற்றுக்கு 6 பங்கு, பிஎச் 4-இல் ஒரு பங்குகூட இல்லை. எலுமிச்சை ஸ்குவாஷ் அத்தனை புளிப்பு, அதில் பாதி செத்த பொடியைப் போட்டாலும் வேலை செய்துவிடும். பங்கனப்பள்ளி தேன் மாதிரி இனிப்பு, நான் சிட்ரிக் ஆசிட்டையும் "லேசாப் போதும்" என்று கையை இழுத்துப் போட்டிருந்தேன். ஒரே டப்பா, ஒரே பொடி, சித்திக்கு வேலை செய்தது, எனக்குச் செய்யவில்லை. சித்தியின் அனுபவம் பொய்யில்லை. அவளுடைய பொடி நல்ல பொடி என்பதற்கு அது சாட்சியும் இல்லை, எலுமிச்சை அத்தனை வருடமும் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

நான்காவது வழி, அளந்து பார்ப்பது. ஏதோ லேப் சமாச்சாரம் என்று பயப்பட வேண்டாம், மருந்துக்கடையில் காயத்துக்குக் கேட்டு வாங்குகிற 5 சதவீத போவிடோன் அயோடின் கரைசலும், சோறு வடித்த கஞ்சியும், ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சும் போதும். நகைக்கடைத் தராசு மாதிரி சின்னத் தராசு ஒன்றும் வேண்டும். அது எப்படியும் வேண்டும், 0.6 கிராமைக் கரண்டியில் அளக்கிறேன் என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. ஒரு கிராம் பொடியை 100 மில்லி தண்ணீரில் கரையுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் தண்ணீர், ஒரு கரண்டி ஆறிய வடிகஞ்சி, பொடிக் கரைசலில் சரியாக 1 மில்லி. இதில் அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். விழுந்த இடத்தில் நிறம் தெரிந்து உடனே மறையும், சல்பைட் அதைத் தின்றுவிடுகிறது. தின்ன சல்பைட் தீர்ந்ததும் மிச்ச அயோடின் கஞ்சியோடு சேர்ந்து டம்ளர் முழுக்க நீலம் பிடிக்கும். கலக்கியும் நீலம் போகவில்லை என்றால் நிறுத்திவிட்டு, எத்தனை மில்லி செலவானது என்று பாருங்கள். வலு குறையாத பொடி என்றால் கணக்குப்படி நாலரை மில்லி ஆக வேண்டும். நான்குக்குக் கீழே நின்றுவிட்டால் எனக்கு அந்தப் பொடி வேண்டாம். கரைத்ததும் உடனே செய்துவிடுங்கள், கரைசலை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் அதுவும் வலுவிழக்கும். சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அந்த டம்ளரையும் குடிப்பதற்கு எடுக்காதீர்கள்.

சித்தியின் பொடியை இப்படிச் செய்து பார்த்தேன், 2.6 மில்லியிலேயே டம்ளர் நீலமாகிவிட்டது. புதிதாக வாங்கியது 4.4 வரை போனது. ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போயிருந்தது, ஆனாலும் மூக்கில் என்னவோ இரண்டும் ஒரே மாதிரிதான் ஏறின. சித்தியிடம் சொன்னேன். "கஞ்சியும் மருந்தும் வச்சு வெளையாடுற" என்றாள்.

அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. வருடத்துக்கு எட்டு பாட்டில் போடுகிற ஆளுக்கு இந்தச் சோதனை தேவையா? அயோடின் பாட்டிலும் சிரிஞ்சும் வாங்குகிற காசுக்குப் புதுப் பொடியே வந்துவிடும். கிலோ கணக்கில் பொடி வாங்கி வைத்து, சீசனில் நூறு இருநூறு பாட்டில் போட்டு விற்கிற சுயஉதவிக் குழு, சின்ன யூனிட் என்றால் இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை செய்யலாம், பொடியின் வலு தெரிந்து அளவைச் சரியாகத் திருத்திக்கொள்ளலாம், அப்போது கூடப் போடுவது குத்துமதிப்பாக இருக்காது. அவர்களும் இதை நம்பி லேபிளில் எதையும் அடிக்க வேண்டாம், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஸ்குவாஷையே கொடுத்துப் பார்ப்பதுதான் முறை. வீட்டுக்குப் போடுகிறவர்களுக்கு என் ஓட்டு ஐந்தாவது வழிக்கு: சீசன் தொடங்கும்போது ஒரு புதுப் பாக்கெட், கிடைப்பதிலேயே சிறியது, சீசன் முடிந்ததும் மிச்சத்தைத் தூக்கிப் போடுவது. 90 கிராம் வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும், எனக்கும் அடித்துக்கொண்டது. ஒரு பெட்டி மாம்பழமும் நான்கு கிலோ சர்க்கரையும் கேஸும் ஒரு நாள் உழைப்பும் சாக்கடையில் போனதைப் பார்த்தபின் அடித்துக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு பாக்கெட்டைப் பாதி பிரித்துக்கொள்வதும் நல்லதுதான், அவரும் அதே மாதத்தில் ஸ்குவாஷ் போடுகிறவராக இருந்தால்.

இதுவரை சொன்னது எல்லாம் கே.எம்.எஸ்.ஸுக்கு. அதே தட்டில் இருக்கும் சோடியம் பென்சோயேட் வேறு சாதி. அதையும் "பிரிசர்வேட்டிவ் பவுடர்" என்றே சொல்வதால் இரண்டுக்கும் ஒரே சட்டம் போட்டுவிடுகிறோம். பென்சோயேட்டுக்கு ஆவியாகிப் போகிற வாயு எதுவும் இல்லை. ஈரம் படாமல் மூடி வைத்தால் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும், லேசாகக் கட்டியிருந்தாலும் நொறுக்கிப் போடலாம். நிறம் மாறியிருந்தாலோ குப்பை, எறும்பு விழுந்திருந்தாலோதான் தூக்கிப் போட வேண்டும். சிட்ரிக் ஆசிட்டும் அப்படியே, கல்லாகக் கட்டினாலும் புளிப்பு போவதில்லை, அம்மியில் தட்டிக்கொள்ளலாம். என் வீட்டில் பாதி பேர் கல்லான சிட்ரிக் ஆசிட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, பொலபொலவென்று இருக்கும் நாலு வருடக் கே.எம்.எஸ்.ஸை "நல்லாத்தான் இருக்கு" என்று எடுத்து வைக்கிற ஆட்கள்.

அப்படியானால் கே.எம்.எஸ்.ஸையே விட்டுவிட்டுப் பென்சோயேட்டுக்கு மாறிவிடலாமே என்று தோன்றும். திராட்சை, நாவல் மாதிரி கருஞ்சிவப்புப் பழங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு மாறலாம். கம்பம் பன்னீர் திராட்சையில் கே.எம்.எஸ். போட்டால் அந்த நிறத்தை வெளுத்துவிடும், அங்கே முதலிலிருந்தே பென்சோயேட்தான் சரி. கிலோவுக்கு 0.7 கிராம் போட்டால், அதிலிருந்து வரும் பென்சாயிக் அமிலம் 600 மில்லிகிராம் என்ற பழைய வரம்புக்குள் நிற்கும். எலுமிச்சை, ஆரஞ்சுக்கு நான் மாற மாட்டேன். பென்சோயேட்டும் வைட்டமின் சியும் சேர்ந்து வெயிலும் சூடும் பட்டால் துளியளவு பென்சீன் உண்டாகலாம், 2006 வாக்கில் அமெரிக்காவில் சில குளிர்பானங்களின் கலவையையே இதற்காக மாற்றினார்கள். நம் ஊர் சித்திரை வெயிலில், ஜன்னலோர அலமாரியில் வைக்கிற பாட்டிலுக்கு அந்தக் கூட்டணி வேண்டாம். மாம்பழத்துக்குப் புதுக் கே.எம்.எஸ்.ஸும் தாராளமான சிட்ரிக் ஆசிட்டும். பாகு நன்றாக ஆறினபின் பொடியைக் கொஞ்சம் ஸ்குவாஷிலேயே கரைத்து ஊற்றுங்கள், கொதிக்கிற பாகில் போட்டால் புதுப் பொடியும் பறந்துதான் போகும், அப்புறம் கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை.

லேபிள் இல்லாமல் காகிதத்தில் மடித்துக் கொடுத்த பொடி இருக்கிறதா? எது என்று கண்டுபிடிக்க மட்டும் ஒரு வழி: ஒரு தேக்கரண்டியைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, சிட்ரிக் ஆசிட் கரைசல் கொஞ்சம் விடுங்கள். தீக்குச்சி நெடி எழுந்தால் சல்பைட், வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்தால் பென்சோயேட். ஆனால் கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறோம்? உணவுக்கு உரிய தரமா, தொழிற்சாலைச் சரக்கா என்பது இதில் தெரியாது. நானாக இருந்தால் போட மாட்டேன்.

பொடியே வேண்டாத பண்டங்களும் இருக்கின்றன என்பதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கெட்டிப்பாகாகக் காய்ச்சிய நன்னாரி சர்பத்துக்குச் சர்க்கரையே காவல். உப்பும் எண்ணெயும் நிறைவாக விட்ட மாவடு, ஆவக்காய்க்கும் வேண்டாம். ஸ்குவாஷில் சர்க்கரை அந்த அளவுக்கு இல்லை, அதனால்தான் அங்கே பொடி தேவைப்படுகிறது. ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும் என்றால் இரண்டு பாட்டில் மட்டும் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்துவிடுங்கள், மாம்பழக் கூழை ஃப்ரீசரில் வைத்துத் தேவைக்கு எடுங்கள். நான் இப்போது பாதி அப்படித்தான் செய்கிறேன்.

தூக்கிப் போடுவது என்றேன், அதிலும் ஒரு சங்கதி. பழைய கே.எம்.எஸ்.ஸைக் கழிப்பறையில் கொட்டி, மேலே ஆசிட் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள், அத்தனை வாயுவும் அந்தச் சின்ன அறைக்குள் மொத்தமாக எழும். பிளீச்சிங் பவுடரோடும் சேர்க்க வேண்டாம். வாசலில், ஒரு வாளி நிறையத் தண்ணீரில், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வடிகாலில் விட்டால் முடிந்தது. புதுப் பாக்கெட்டைப் பிரித்ததும் பிளாஸ்டிக் மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி, அன்றைய தேதியைப் பால்பாயிண்ட் பேனாவில் எழுதி ஒட்டிவிடுங்கள். சித்திக்கும் அப்படி ஒரு குப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போன மாதம் போனபோது பார்த்தேன், அதில் ஏலக்காய் போட்டு வைத்திருக்கிறாள், பொடி இன்னும் துருப்பிடித்த மூடிக்குக் கீழேதான் இருக்கிறது.